மணல் குவியலைச் சுற்றி ஒரு சணல் கயிறு

காலை ஐந்தே முக்கால் மணி. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வீட்டு மராமத்துக்காக வாசலில் கொட்டிக் கிடந்த எம் சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) குவியலைச் சுற்றிச் சணல் கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு முனை எதிர்வீட்டுப் பையன் கையில். சுற்றளவு 40 அடி. நடுவில் கம்பைச் செருகிப் பார்த்தால் உயரம் மூன்றே முக்கால் அடி. இருபது வருஷமாகப் பத்தாம் வகுப்புக்குக் கூம்பின் கன அளவு நடத்துகிறேன். சொந்த வாசலில் அந்தக் கணக்கைப் போட்டது அன்றுதான். வந்த விடை சுமார் 159 கன அடி. நான் பணம் கொடுத்தது இரண்டு யூனிட்டுக்கு, அதாவது 200 கன அடிக்கு.

வண்டிக்காரருக்குப் போன் போட்டேன். "கொட்டினா ஓரத்துல பரவிடும் டீச்சர்" என்றார். பரவினாலும் மணல் மணல்தானே, 41 கன அடி எங்கே போகும்? அப்புறம் அவரே ஒரு உண்மையைச் சொன்னார்: "வண்டியில இருக்கறப்பவே அளந்திருக்கணும். கொட்டின பிறகு யார் பேசுவாங்க?" எரிச்சலாக இருந்தாலும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. நான் எழுந்து வருவதற்குள் கொட்டிவிட்டுப் போகத்தானே விடியற்காலையில் வருகிறார்கள். அதுவும் ஈரமாக வந்த மணல். ஈரத்தில் உப்பிக் காட்டும், காய்ந்தால் இறங்கிவிடும். உண்மையான குறைவு 41 கன அடிக்கும் மேலே இருக்கும்.

அடுத்த வாரம் பூச்சு வேலைக்கு ஒரு யூனிட் பி சாண்ட் சொன்னேன். இந்தத் தடவை, பகல் பத்து மணிக்கு மேல் வந்தால்தான் கேட்டைத் திறப்பேன் என்று சொல்லிவிட்டேன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வண்டி வந்து நின்றதும் டேப்பை எடுத்துக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து ஏறினேன். உள்பக்கம் நீளம் 10 அடி, அகலம் 6 அடி. ஒரு யூனிட் என்றால் மணல் 20 இன்ச் நிற்க வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் கம்பியைக் குத்திப் பார்த்தேன். சராசரி 16 இன்ச். ஆக 80 கன அடி. இங்கேயும் அதே ஐந்தில் ஒரு பங்கு. ஒரு விதத்தில் ஆள் நியாயஸ்தர், எல்லா லோடிலும் ஒரே விகிதத்தில்தான் எடுக்கிறார். கொத்தனாரும் சித்தாள்களும் கீழே நின்று வேடிக்கை பார்க்க, 80க்கு மட்டும் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். தஞ்சாவூரில் மாமனார் 1994இல் கட்டிய வீடு. தரை பெயர்ந்து, பாத்ரூம் சுவர் ஓதம் ஏறி, வெளிப்பூச்சு கையால் தட்டினால் கொட்டியது. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். 74 வயது அத்தையை வைத்துக்கொண்டு நான்தான் 2025 ஆகஸ்ட் கடைசியில் வேலையை ஆரம்பித்தேன். எலெக்ட்ரீஷியன், பிளம்பர், பெயின்டர் மூன்று பேரும் சொன்ன தேதிக்கு வந்து சொன்ன காசுக்கு முடித்தார்கள். செங்கலும் பிசகவில்லை. நாலரை இன்ச் சுவருக்குச் சதுர அடிக்கு ஐந்து கல் என்று 95 சதுர அடித் தடுப்புச் சுவருக்கு 500 கல் இறக்கினேன், பதினைந்து மிஞ்சியது. அடி வாங்கியதெல்லாம் மணலிலும் சிமெண்டிலும் டைல்ஸிலும்தான்.

சிமெண்ட் எவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்றதற்கு மேஸ்திரி, "எல்லாம் மனசுல இருக்கு டீச்சரம்மா, நாப்பது மூட்டை" என்றார். மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று கடைக்காரர் சொல்ல, ஆகஸ்ட் 30ஆம் தேதி 350 ரூபாய் வீதம் நாற்பதையும் இறக்கிவிட்டேன். செப்டம்பர் 3ஆம் தேதி ராத்திரி செய்தியில் சொல்கிறார்கள், சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாம், 22ஆம் தேதியிலிருந்து அமலாம். மூட்டைக்கு 27 ரூபாய். நாற்பதுக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு டிவியை அணைத்தேன்.

அதையாவது விதி என்று விடலாம். அந்த நாற்பதே தப்பு. பிறகு நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டைல்ஸுக்குக் கீழே போடும் கலவைக்கு 12 மூட்டை. பூச்சு வேலைக்கு 100 சதுர அடிக்கு ஒரு மூட்டை என்று 800 சதுர அடிக்கு 8. தடுப்புச் சுவர், பாத்ரூம் எல்லாம் சேர்த்து 7. மொத்தம் 27தான். மிச்சம் பதின்மூன்று மூட்டையைப் பின்கட்டு வராந்தாவில் வெறும் தரையில் சுவரை ஒட்டி அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஐப்பசி மழை மேலே இருந்து வரவில்லை, சுவர் வழியாகவும் தரை வழியாகவும் வந்தது. அடிவரிசை ஆறு மூட்டையும் கல். ஒன்றைப் புரட்டினால் பை கிழிந்து, மூட்டை மட்டும் அதே வடிவத்தில் அப்படியே நிற்கிறது. துணி துவைக்க ஆகுமா என்று அத்தை கேட்டார்கள். நல்லபடியாக இருந்த ஏழு மூட்டையைப் பக்கத்துத் தெருவில் வேலை நடந்த வீட்டுக்குக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்.

சிமெண்டை வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். பையில் தயாரித்த வாரமும் வருஷமும் அச்சடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். மூன்று மாதம் தாண்டினால் பலம் குறைய ஆரம்பித்துவிடும். கீழே பலகை போட்டு, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்கச் சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது, போய்ப் பார்க்கவும் வேண்டும்.

இனி டைல்ஸ். ஹால் 22க்கு 14, ரூம் இரண்டும் 12க்கு 11, நடை 10க்கு 4. மொத்தம் 612 சதுர அடி. ரெண்டுக்கு ரெண்டு டைல், பாக்ஸுக்கு நாலு. கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டினார். "பாக்ஸுக்குப் பதினாறு சதுர அடி, நாப்பது பாக்ஸ் எடுத்தா 640. வேஸ்டேஜ் போக சரியா இருக்கும் மேடம்." சதுர அடி 58 ரூபாய் என்று 37,120க்கு பில். கணக்கு டீச்சர் தலையாட்டிவிட்டு வந்தேன்.

டைல்ஸ் ஒட்டுகிற தம்பி ராஜஸ்தான்காரர், பத்து வருஷமாக தஞ்சாவூர்ப் பக்கம் வேலை பார்க்கிறவர். ஹாலில் ஒரு வரிசையைக் கலவை இல்லாமல் சும்மா பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். 14 அடிக்கு ஏழு டைல் கணக்காக உட்கார வேண்டும். உட்காரவில்லை. சுவரோரம் இரண்டரை இன்ச்சுக்கு மேல் இடைவெளி. டேப்பை ஒரு டைல் மேல் வைத்துக் காட்டினார். 24 இன்ச் இல்லை, இருபத்து மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே. "600 எம்எம் மேடம், ரெண்டு அடி இல்ல." அட்டைப்பெட்டியைத் திருப்பினேன். 1.44 சதுர மீட்டர், 15.50 சதுர அடி என்று தெளிவாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள். ஆக நாற்பது பாக்ஸுக்கு 640 இல்லை, 620. இல்லாத 20 சதுர அடிக்கு 1,160 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

போதாததற்கு ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரின் அடியில் ஒட்டும் டைல் பட்டையை, கடைக்காரரும் சேர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. வாசற்படிகளைக் கழித்தாலும் 160 ரன்னிங் அடி. ஒரு டைலை நாலு இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாக அறுத்தால் ஆறு பட்டை வரும். முழு நாலு இன்ச் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் ஐந்துதான். எப்படிப் பார்த்தாலும் மூன்றரை, நாலு பாக்ஸ். சேதாரத்தையும் சேர்த்தால் 46 பாக்ஸ் வாங்கியிருக்க வேண்டிய வீட்டுக்கு நாற்பதோடு நிற்கிறோம்.

ஒரு டைல் துண்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். "அதே மாடல் இருக்கு மேடம், எத்தனை வேணும்?" பெட்டியை வெளியே வெயிலுக்குக் கொண்டு வரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது தந்தம், இது கொஞ்சம் மஞ்சள். பெட்டியில் மாடல் பெயர் அதேதான், ஷேடு நம்பர் வேறு. பழைய ஷேடு வருமா என்று கேட்டால், "மோர்பியிலிருந்து அடுத்த லோடு வரட்டும், பார்க்கலாம்" என்றார். டைல்ஸ் தயாராகும் குஜராத் ஊர் அது. ஒரு தடவை சூளையில் வெந்து வந்த நிறம் அடுத்த தடவை அச்சாக அப்படியே வராது. அது அவருக்குத் தெரியாதா என்ன?

வீட்டுக்கு வந்து ஒட்டுகிற தம்பியோடு உட்கார்ந்தேன். நல்லவேளை, இரண்டாவது ரூமில் அவர் இன்னும் கை வைக்கவில்லை. ஹாலும் முதல் ரூமும் நடையும் முடிந்து ஏழரை பாக்ஸ் மீதம். அதை ஸ்கர்ட்டிங்குக்கு வைத்துக்கொண்டு, இரண்டாவது ரூம் முழுவதையும் புது ஷேடிலேயே போட்டுவிடுவோம் என்றார். வாசற்படியில் ஒரு கறுப்பு கிரானைட் பட்டை குறுக்கே வந்தால் இரண்டு நிறமும் நேருக்கு நேர் முட்டாது. தரைக்கு 9, அந்த ரூம் ஸ்கர்ட்டிங்குக்கு 1, பத்து பாக்ஸ். இந்தத் தடவை பாக்ஸுக்கு 15.5 என்று போட வைத்தேன், பெட்டி பெட்டியாக ஷேடு நம்பரைப் பார்த்தே ஏற்றினேன். குட்டி யானைக்கு 900 ரூபாய் தண்டம்.

கடைசியில் நாலு பாக்ஸ் பிரிக்காமலே மிஞ்சியது. திருப்பி எடுக்க மாட்டாராம். வாங்கும்போது "அதெல்லாம் எடுத்துக்குவோம் மேடம்" என்று வாயால் சொன்னது பில்லில் இல்லையே. நீங்கள் பில்லிலேயே எழுதி வாங்குங்கள், ஷேடு நம்பரையும் சேர்த்து. ஒன்றிரண்டு பாக்ஸ் வீட்டில் கிடப்பதும் நல்லதுதான். நாளைக்கு ஒரு டைல் உடைந்தால் அந்த நிறத்துக்கு எங்கே போவது?

பாத்ரூம் டைலில் மட்டும் நான் ஏமாறவில்லை. பளபளப்பான ஒன்றைத்தான் கடைப்பையன் தலையில் கட்டப் பார்த்தான், துடைக்க சுலபமாம். தண்ணீர் பாட்டிலைத் திறந்து சாம்பிள் மேல் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துத் தேய்த்தேன். சர்ரென்று போனது. அடுத்து சொரசொரப்பான மேட் டைலில் தேய்த்தேன், பிடித்து நின்றது. கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். அத்தை நடக்கிற இடம்.

இன்னொன்று. பழைய தரையைப் பெயர்க்காமல் மேலேயே போட்டால் தரை இரண்டு இன்ச் ஏறும், எந்தக் கதவும் திறக்காது. தச்சரை முதலிலேயே சொல்லி வையுங்கள். நான் சொல்லவில்லை. மூன்று நாள் கதவில்லாத ரூமில் சேலையைத் திரையாகக் கட்டித் தூங்கினோம்.

தீபாவளி கழித்து சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கல்லாகிப்போன சிமெண்டைத் துணி துவைக்கப் போட்டிருக்கிறார்களே என்று சிரித்தார்களே தவிர, இரண்டாவது ரூம் தரை வேறு நிறம் என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. போன வருஷம் கண் ஆபரேஷன் செய்துகொண்ட அத்தைதான் முதல் நாளே வாசற்படியில் நின்று, "இந்த ரூம் மட்டும் ஏம்மா மஞ்சளா இருக்கு?" என்றார்கள். லைட்டு அப்படி அத்தை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.