கோலா கம்பெனிக்கும் தண்ணீர்தான் பிரச்சனை

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் பங்குனி வெயிலில் பெட்டிக்கடை ஃப்ரிட்ஜில் முதலில் காலியாவது கோலாதான். ஆனால் இவ்வளவு பெரிய கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஓட முடியாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கை 40 சதவீதமாகக் குறை, ஃபார்முலாவையும் கொடு என்று அரசு நெருக்கியதில் கோகோ கோலா 1977இல் இந்தியாவை விட்டே கிளம்பியது, திரும்பி வர 1993 ஆனது.

எனக்கு அரசியலை விடத் தண்ணீர்தான் பெரிதாகப் படுகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளைக் கேட்டுக் குடத்தை வரிசையில் வைக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு, கேரளத்தில் பிளாச்சிமடா மக்கள் நிலத்தடி நீருக்காகப் போராடி 2004இல் அங்கிருந்த கோகோ கோலா ஆலையின் உற்பத்தியே நின்றது ஏன் என்று விளக்கவே வேண்டாம். அப்புறம் 2017, ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில் வணிகர் சங்கங்கள் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்றன, நம்மூர் குளிர்பானம் போவொண்டோவுக்கு யோகம் அடித்தது. (எனக்கு எப்போதும் அதுதான் பிடிக்கும், சரி, அது வேறு கதை.)

கோலாவுக்கு வரி 40 சதவீதம், சர்க்கரை பயம் வேறு. ஜீரோ சுகர் பாட்டில் சும்மா வரவில்லை. சீசனில் நுங்கும் பதனீரும் வந்துவிட்டால் எங்கள் தெருவில் அதையும் யாரும் தொடுவதில்லை.