கூரை எடுத்த தொட்டி

இருபது வருஷமாகக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. சியோலுக்குப் பயிற்சிக்குப் போனபோது, ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போகலாம் என்று கூட்டிப்போனார்கள். அதுவும் ஒரு பழைய சுத்திகரிப்பு நிலையம்! தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டேன்.

ஹான் ஆற்றின் நடுவே சின்னத் தீவு, சொன்யுடோ. முன்பு அங்கே ஒரு குன்று இருந்தது. 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஜொங் சொன் வரைந்திருக்கிறார். 1925 பெருவெள்ளத்துக்குப் பிறகு, ஜப்பானியர் ஆட்சியில், கரை கட்டக் கல் வேண்டுமென்று அதை உடைத்து எடுத்துவிட்டார்கள். 1978-இல் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. 2000-இல் மூடினார்கள். 2002-இல் பூங்கா.

வில்லாக வளைந்த நடைபாலத்தில் ஏறி உள்ளே போனால் எல்லாம் தெரிந்த முகங்கள். தண்ணீரை வடிகட்டும் ஃபில்டர் பெட்டில் மணலுக்குப் பதில் நீர்த்தாவரங்கள். வண்டல் படியவிடும் தொட்டிக்குள் தோட்டம். கசடு சேரும் வட்டத்தொட்டி ஒன்று திறந்தவெளி அரங்கமாகியிருந்தது. அந்த நாற்றம் பழகியவன் அங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்கத் தனி மனசு வேண்டும்.

ரொம்ப நேரம் நின்றது, சுத்திகரித்த தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சுத்தநீர்த் தொட்டியில்தான். எங்கள் ஊரில் அதற்குள் இறங்குவது கழுவும் நாளில் மட்டும். கும்மிருட்டு, டார்ச் வெளிச்சத்தில் வரிசையாகத் தூண்கள், குளோரின் வாடை. மேலே மூடியோரம் ஓர் ஆள் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். பதில் வராவிட்டால் பதறிவிடுவார். இங்கே கூரையை மட்டும் எடுத்துவிட்டுத் தூண்களை விட்டுவிட்டார்கள். கொடி படர்ந்து, ‘பச்சைத் தூண்களின் தோட்டம்’ என்று பெயரும் வாங்கிவிட்டது. வெயில் விழுந்த அந்தத் தரையில் ஒரு ஜோடி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. வெயில் பட்ட சுத்தநீர்த் தொட்டியை நான் அதுவரை பார்த்ததில்லை.

தோட்டத்தை வடிவமைத்த ஜங் யங்-சொன் எல்லாவற்றையும் இடித்துப் புல் வளர்த்திருக்கலாம். செலவும் எளிதாகக் கணக்கில் வந்திருக்கும். பழைய குழாய்களைக்கூட அவர் விட்டுவைத்திருக்கிறார்.

ஊர் திரும்பினால் மேசையில் ஒரு ஃபைல். தண்ணீர் நிறுத்தி நாளாகிவிட்ட எங்கள் பழைய தொட்டியை இடிக்கும் எஸ்டிமேட், நானே போட்டது. இடிக்கும் கூலி, லாரி வாடகை, குப்பை கொட்டும் தூரம் எல்லாம் இருந்தது. தூண் எத்தனை என்று மட்டும் இல்லை. சரி, எண்ணிவிடுவோம் என்று டார்ச்சோடு இறங்கினேன். மூன்றாவது வரிசையில் கணக்கு விட்டுப்போனது. மேலிருந்து குரல் வந்தது: “சார், இருக்கீங்களா?”