லினக்ஸில் சூட்டைக் கண்காணிக்க

லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள், வெப்பத்தையும் ஃபேன் வேகத்தையும் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை முதல் நாளே நிறுவிவிட வேண்டும் என்பது என் கருத்து. நிறுவியதும் ரூட் உரிமையோடு சென்சார்ஸ்-டிடெக்ட் கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு சென்சார் சில்லாகத் தேடலாமா என்று கேட்கும். வெறும் என்டர் தட்டினால் போதும், அது தரும் இயல்பான பதிலே பாதுகாப்பானது.

பிராசசர் வெப்பம் இன்டெலில் கோர்டெம்ப், ஏஎம்டியில் கே10டெம்ப் டிரைவர் வழியாக உடனே வந்துவிடும். ஃபேன் வேகம்தான் இழுத்தடிக்கும். அதைச் சொல்வது மதர்போர்டில் இருக்கும் வேறொரு சில்லு. நுவோட்டான் சில்லு என்றால் பெரும்பாலும் என்சிடி6775 டிரைவர் மாட்யூலை ஏற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம், காட்டும் எண்ணையெல்லாம் நம்பிப் பதறாதீர்கள். எதுவும் இணைக்காத சென்சார் முனை 127 டிகிரி என்றுகூடக் காட்டும். ஏஎம்டியின் ரைசன் 7 1700எக்ஸ் பிராசசர் காட்டும் டிசிடிஎல் என்ற வெப்ப அளவு உண்மையான வெப்பத்தைவிட 20 டிகிரி கூடுதல். ஃபேனை இயக்குவதற்காக ஏஎம்டியே அப்படி வைத்தது. லினக்ஸ் கர்னல் சென்சார் அளவுகளைத் தரும் ஹெச்டபிள்யூமான் கோப்பை நேரடியாகப் படித்தால் 45000 என்று வரும், ஆயிரத்தால் வகுத்தால் அது 45 டிகிரிதான்.

ஃபேனை நாமே கட்டுப்படுத்த அமைப்பைச் செய்துதரும் பிடபிள்யூஎம்கான்ஃபிக், அதன்படி ஃபேனை ஓட்டும் ஃபேன்கன்ட்ரோல் இரண்டும் உண்டு. ஆனால் எந்த ஃபேன் எந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, பிடபிள்யூஎம்கான்ஃபிக் அவற்றைச் சில நொடிகள் நிறுத்திப் பார்க்கும். கனமான வேலை ஓடும்போது தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். இன்னொன்று, ஒவ்வொரு சென்சார் சாதனத்துக்கும் கர்னல் தரும் ஹெச்டபிள்யூமான் எண்கள் ரீபூட்டில் இடம் மாறலாம். ஃபேன்கன்ட்ரோல் திடீரெனக் கிளம்ப மறுத்தால் முதலில் அதைப் பாருங்கள்.