கை எட்டுகிற இடம்: பல்லடம் பட்டறை நாட்குறிப்பு

செப்டம்பர் 9, 2025

ஒரு ஹெட்லைட் பல்பு மாற்ற இன்று முன் பம்பரையே கழற்ற வேண்டியிருந்தது. பல்பு முந்நூறு ரூபாய்க்குள்தான். வேலைதான் ஒன்றரை மணி நேரம் இழுத்துவிட்டது. எவ்வளவு பதனமாக எடுத்தாலும் பம்பரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளில் ஒன்றிரண்டு உடையத்தான் செய்கின்றன. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வளையாது. அப்புறம் அந்தக் கிளிப்பைத் தேடி, பட்டறையில் வேலை பழகும் பையன் கடை கடையாக அலைய வேண்டும்.

வண்டிக்காரர் சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறவர். இடது பக்க லைட் எரியாமலே பல வாரம் ராத்திரியில் நூல் எடுக்கப் போய் வந்திருக்கிறார். "ஏனுங்ண்ணா, இப்படியே ஓட்டிட்டு இருந்தீங்க?" என்று கேட்டேன். "பல்பு மாத்தறதுக்கு நெம்பக் கூலி கேட்டாங்க. அதான் பொறவு பாத்துக்கலாம்னு விட்டுட்டேனுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல்புக்குப் பின்னால் ஒரு கை நுழைகிற அளவு இடம் விட்டிருந்தால் அவரே வீட்டு வாசலில் மாற்றியிருப்பார்.

எந்த வண்டி நம்பகமானது என்று கேட்கிறவர்கள் எல்லாரும் இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இன்ஜின் இன்றைக்குப் பெரும்பாலும் எல்லாரிடமும் நன்றாகவே வருகிறது. நான் பார்ப்பது வேறு. பல்பு, பெல்ட், ஓஸ், ஃபில்டர் இவற்றுக்குக் கை எட்டுகிறதா? எட்டினால் கூலி குறையும், வேலை காலாகாலத்தில் நடக்கும். எட்டாவிட்டால் தள்ளிப்போடுவார்கள். வண்டியை ரோட்டில் நிறுத்துவது இப்படித் தள்ளிப்போட்ட வேலைதான்.

மாருதி 800ஐ இன்றும் எங்கள் பக்கம் தோட்டத்து வீடுகளில் பார்க்கலாம். 1983 டிசம்பரில் வந்தது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சிசி, மூன்று சிலிண்டர், பெரிய வித்தை எதுவும் இல்லை. பானெட்டைத் தூக்கினால் இன்ஜினுக்குப் பக்கத்தில் தரை தெரியும். அந்த இடைவெளிதான் அதை இத்தனை காலம் ஓட வைத்தது என்பது என் கருத்து.

செப்டம்பர் 12

கொதித்து நின்ற கார் ஒன்றைக் கட்டி இழுத்து வந்தார்கள். ரேடியேட்டரின் பக்கவாட்டு பிளாஸ்டிக் டேங்கில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக உப்புப் படிவு.

எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயையே அடைத்துவிடும். அதைத்தான் பலர் கூலண்ட் குறைந்தால் ஊற்றுகிறார்கள். கூலண்ட் என்பது குளிர் நாட்டுக்காரர்களுக்கு, நமக்கெதற்கு என்று நினைக்கிறார்கள். அதில் துருப் பிடிக்காமல் காக்கும் மருந்தும் இருக்கிறது, கொதிநிலையும் ஏறுகிறது. மூடி ஒரு பார் அழுத்தம் பிடித்தாலே உள்ளே இருக்கும் வெறும் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது. விரிசல் விழுந்தால் அந்த அழுத்தம் போயிற்று, 100லேயே கொதி வந்துவிடும்.

பித்தளை ரேடியேட்டர் காலத்தில் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து ஒட்டி அன்றைக்கே அனுப்புவோம். இப்போது அலுமினியத் தகட்டோடு பிளாஸ்டிக் டேங்கை மடித்து அழுத்தியிருக்கிறார்கள். எடை குறைவு, வெப்பத்தை நன்றாகவே இறக்குகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விரிசல் விட்டால் முழுசாக மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது டேஷ்போர்டைப் பார்த்தால். பல வண்டிகளில் டெம்பரேச்சர் முள்ளை எடுத்துவிட்டார்கள். ஒரு சிவப்பு விளக்கு மட்டும். முள் இருந்தால் வழக்கத்தைவிட மேலே ஏறுவது முன்கூட்டியே தெரியும், ஓரம் கட்டலாம். விளக்கு எரிகிறபோது ஏற்கெனவே தாமதம். கூலண்ட் மொத்தமும் கொட்டிப்போனால் சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நிற்கும், அப்போது அது சொல்கிற கணக்கையும் நம்ப முடியாது.

இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் சூட்டில் வளைந்திருக்கிறதா என்று, அதைக் கழற்றி ஸ்ட்ரெயிட் எட்ஜ் என்ற நேர்ப்பட்டை வைத்துப் பார்த்தேன். நடுவில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.15 மில்லிமீட்டர் இலை தடையில்லாமல் உள்ளே போகிறது. 0.05 தாண்டினாலே நான் கேஸ்கெட் மட்டும் மாற்றி மூட மாட்டேன். சமப்படுத்த லேத்துக்கு அனுப்பியிருக்கிறேன். விரிசல் ஈரமாகத் தெரிந்த அன்றே ரேடியேட்டரை மாற்றியிருந்தால் இந்தச் செலவில் கால்வாசிகூட ஆகியிருக்காது.

செப்டம்பர் 13

ஏசி குளிரவில்லை என்று ஒரு வண்டி. கேஸ் சரியாக இருக்கிறது. முன்னால், ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரில் பஞ்சு அப்பிக் கிடந்தது. மில் வாசலிலேயே நாள் முழுக்க நிற்கிற வண்டி. தூரிகையும் குறைந்த அழுத்தத் தண்ணீரும் போதும். ஏர் ஃபில்டரும் அதே கதை. சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டரைப் பஞ்சுப் பேட்டையில் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 17

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது என்று ஒருவர் கார் கொண்டு வந்தார். வேறொரு இடத்தில் ஆக்ஸிஜன் சென்சார் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், மறுபடி விளக்கு வந்துவிட்டது. இரண்டாவது சென்சாரையும் மாற்றச் சொல்ல, பயந்து இங்கே வந்திருக்கிறார்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால் பி0171 என்ற கோளாறு நம்பர். பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். அவ்வளவுதான் அது சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லவில்லை. நான் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற கணக்கான ஃபியூயல் டிரிம்மைப் பார்த்தேன். ஐடிலில் 22 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 5க்கு இறங்கிவிடுகிறது. பம்போ ஃபில்டரோ கோளாறாக இருந்தால் வேகம் கூடக் கூட இது ஏறத்தான் செய்யும். இறங்குகிறது என்றால் எங்கோ திருட்டுக் காற்று. ஐடிலில் இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்காகத் தெரியும். வேகத்தில் அது கரைந்துபோகும்.

இன்ஜினுக்குக் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டின் அடிவயிற்றில் கையை விட்டேன். இன்ஜின் அடியில் சேரும் புகையை மறுபடி உள்ளே இழுக்கும் பிசிவி ஓஸ் வளைகிற இடத்தில் ரப்பர் இளகிப்போய், விரல் வைத்தால் கருப்பு ஒட்டியது. அந்த இடத்தில் கார்ப் கிளீனரை ஒரு தரம் பீச்சியதும் ஐடில் சத்தம் மாறியது. பையனைக் கூப்பிட்டு அவன் கையால் இன்னொரு தரம் பீச்சச் சொன்னேன். காதால் கேட்டால் மறக்க மாட்டான்.

ஓஸ் விலை சில நூறு ரூபாய். ஸ்கேனர் வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை, அது இல்லாமல் இன்றைக்குத் தொழில் இல்லை. கோடு நம்பரைப் பார்த்ததும் பாகத்தை ஆர்டர் போடுகிற பழக்கம்தான் வாடிக்கையாளர் பணத்தைத் தின்கிறது.

செப்டம்பர் 22

இன்றிலிருந்து புது ஜிஎஸ்டி. 28 சதவீதத்தில் இருந்த உதிரி பாகங்களும் 18க்கு வந்துவிட்டன. காலையிலிருந்து போன் மேல் போன், "இப்ப மாத்திக்கலாமுங்களா?" என்று. மாற்றுங்கள், டயரும் பிரேக் பேடும் இத்தனை நாள் ஒத்திப்போட்டவர்கள் இன்றைக்காவது மாற்றினால் நல்லது.

விலையைவிடப் பெரிய பிரச்சினை கிடைப்பது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அசல் உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்கவிடவில்லை என்பது குற்றம். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளமும் திறந்தது, அதில் மோட்டார் வாகனமும் ஒரு பிரிவு. இவையெல்லாம் எங்கள் மாதிரிப் பட்டறைகளுக்காகப் பேசப்பட்டவை என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் இன்றும் சில வண்டிகளில் பாகத்தை மாட்டிய பிறகு கம்பெனி சாஃப்ட்வேரில் பதிந்தால்தான் வேலை செய்கிறது. திருட்டைத் தடுக்கச் சாவிக்கு அப்படி வைத்தால் நியாயம் இருக்கிறது. மற்றதற்கெல்லாம் எதற்கு?

செப்டம்பர் 24

எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. எத்தனாலில் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு சக்திதான், அதனால் 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது, டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் ஓஸைக் கையால் அழுத்திப் பாருங்கள், உப்பியிருந்தாலோ வெடித்திருந்தாலோ அன்றே மாற்றுங்கள். தீப்பிடிக்கிற சமாச்சாரம்.

செப்டம்பர் 26

டீசல் எஸ்யூவி ஒன்று. டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொண்டது, பிக்கப் இல்லை. ஆயில் குச்சியை இழுத்தால் மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. முகர்ந்தால் டீசல் வாசம்.

2020 ஏப்ரல் 1லிருந்து பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி. அதற்காகத்தான் புகைக்கரியைப் பிடிக்க சைலன்ஸர் வழியில் இந்த வடிகட்டி. கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசல் தெளித்து, சுமார் 600 டிகிரி சூடேற்றி எரித்துக்கொள்ளும். அதற்கு ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். இந்த வண்டியோ வீடு, கோழிப்பண்ணை, தீவனக் கடை என்று காலை முதல் மாலை வரை நாலு கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. எரிக்க ஆரம்பிக்கும்போதெல்லாம் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறார்கள். தெளித்த டீசல் எரியாமல் ஆயிலில் இறங்குகிறது, ஆயில் நீர்த்துப் போகிறது, அடுத்து டர்போ பேரிங் கெடும்.

பண்ணைக்காரர் மாமா வயதுக்காரர். "அதை வெட்டி எடுத்துட்டா என்னுங்க தம்பி?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். சட்டப்படியும் தப்பு, அந்தக் கரியைச் சுவாசிப்பது நம் ஊர்க் குழந்தைகள். ஆயில் மாற்றி, ஸ்கேனரில் கட்டாய எரிப்புப் போட்டு, வாரம் ஒரு தரம் கரூர் ரோட்டில் ஒரே மூச்சாக அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். வாங்கும்போதே யாராவது இவரிடம் "எங்கே ஓட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும். இந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் வண்டிதான் சரி.

செப்டம்பர் 30

நாளைக்கு ஆயுத பூஜை. ஸ்பேனர்களை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தோம். அதற்கு நடுவில் ஒரு குடும்பம், நாலு நாள் லீவுக்கு வால்பாறை போகிறார்கள், டயரில் காற்று பார்க்க வந்தார்கள். பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் மாத்தணுமுங்களா?" என்றார் அந்தத் தம்பி.

டப்பாவைத் திறந்து காட்டினேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது டீத்தூள் நிறத்தில் கிடந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் டிஸ்க் பழுக்கும், ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் மெத்தென்று தரைக்குப் போய்விடும். ஆவியை அழுத்தலாம், அது பிரேக்கைப் பிடிக்காது.

பூஜை வேலையை நிறுத்திவிட்டு நாலு சக்கரத்திலும் பழைய ஆயிலை வெளியேற்றிப் புதுசு விட்டோம். பையன் பெடல் மிதிக்க, நான் கீழே படுத்து ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடினேன். பின் வலது சக்கரத்தில் கருப்பாக வந்து, கலங்கலாகி, கடைசியில் தெளிந்தது. இறங்கும்போது இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர், நியூட்ரல் கூடவே கூடாது என்று அந்த அம்மிணியிடமும் சேர்த்துச் சொல்லி அனுப்பினேன். அவர்தான் பக்கத்தில் உட்காருகிறவர்.

சாயங்காலம் பையனுக்கு ஜி.டி. நாயுடு பற்றிச் சொன்னேன். சூலூர்ப் பக்கத்துக் கலங்கலில் 1893இல் பிறந்தவர், 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு பொள்ளாச்சி - பழனி தடத்தில் தொழிலைத் தொடங்கியவர். கோவை அவினாசி ரோட்டில் அவர் பேரில் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. தீபாவளி முடிந்ததும் கூட்டிப் போக வேண்டும். பழைய வண்டிகளின் உள்ளே எல்லாம் எப்படிப் பிரித்துப் பார்க்கிற மாதிரி இருக்கும் என்பதை அவன் பார்க்க வேண்டும். பட்டறைக்கு வருகிற பையன்களே குறைந்துவிட்டார்கள், வந்தவனுக்கு நல்லதைக் காட்டிவிட வேண்டும்.

அக்டோபர் 6

அக்கா மகன் பழைய கார் வாங்குகிறான். "மாமா, எது நல்ல வண்டி?" என்று போனில் கேட்கிறான். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறான். ஒன்று 1,248 சிசி டீசல், 2016 மாடல். அந்த இன்ஜினை ஃபியட்டிடமிருந்து உரிமம் வாங்கி மாருதி தன் வண்டிகளில் போட்டது, டாடா வண்டிகளிலும் வந்தது. அதனால் எந்த ஊரிலும் பாகம் கிடைக்கும், வேலை தெரிந்த ஆளும் கிடைப்பான். இன்னொன்று பளபளப்பான சன் ரூஃப் வண்டி, ஊரில் நாலு பேரிடம்கூட இல்லாத மாடல். கிளட்ச்சை ஆயில் அழுத்தத்தில் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸுக்கு உள்ளே. ஒரு சொட்டு ஒழுகினாலும் கியர் பாக்ஸை இறக்க வேண்டும்.

டீசலைப் பார் என்றேன். அவன் தினமும் ஈரோடு போய் வருகிறவன், ஓட்டம் இருக்கிறது. டைமிங் செயின் சத்தம் இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் கேட்கும், சூடான பிறகு சிலதில் அடங்கிவிடும். விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டி வைத்துவிட்டால் நமக்குத் தெரியாது. அதனால் நாளைக்குக் காலை ஆறு மணிக்கு நானே அவிநாசிபாளையம் போகிறேன், அதுவரை யாரும் சாவி போட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.