சூடு ஏறினால் உதறும் வண்டி

ஏப்ரல் 6, 2024

திருச்சியை அடுத்த துவாக்குடியில் வேலை முடிந்து வீடு திரும்பும்போது பால்பண்ணை சிக்னலில் வண்டி உதறியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஆர்பிஎம் முள் 800-க்கும் 500-க்கும் நடுவே மூச்சிரைப்பது போல ஏறி இறங்கியது. ஸ்டீயரிங், சீட், முன்கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஆடின. பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு இடறல், அப்புறம் ஓடிவிட்டது. டிவிஎஸ் டோல்கேட்டில் மறுபடியும் அதே கதை. காலையில் இதே வண்டி, இதே ரோட்டில், ஒரு முனகல் இல்லாமல் போயிருந்தது.

2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், 94,312 கிலோமீட்டர் ஓடியது. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. பதினோரு வருஷம் உழைத்த வண்டி சிணுங்கினால் செய்தவனைத் திட்டுவது நியாயமில்லை. எஞ்சின் விளக்கு எரியவில்லை. கணக்கெழுதிப் பிழைப்பவன் என்பதால் என்னிடம் பெட்ரோல் நோட்டு ஒன்று உண்டு: தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய். இனி அதே நோட்டில் வண்டியின் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் எழுதி வரலாம்.

ஏப்ரல் 7

ஞாயிறு. காலையிலேயே பாய் பட்டறைக்குப் போனேன். முன்னால் மூன்று வண்டி. என் முறை வந்தபோது மணி பதினொன்றரை. எஞ்சின் நன்றாக ஆறிவிட்டது. பாய் ஸ்டார்ட் செய்தார், காதைச் சாய்த்துக் கேட்டார், இரண்டு தடவை ரேஸ் பண்ணிப் பார்த்தார்.

"தங்கமா நிக்குதே தம்பி. எங்க மிஸ்ஸிங் அடிக்குது?"

டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிட்ட பிள்ளையைக் கூட்டி வந்தவன் மாதிரி நின்றேன். பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நாலும் கறுப்பு, உலர்ந்த கரி. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலையோ, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரையோ பிடிக்கலாம்; நாலும் ஒரே நிறம் என்றால் எல்லாவற்றுக்கும் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று அர்த்தம். பாய் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "பிளக் மாத்தி ரொம்ப நாளாச்சு போல" என்று நாலையும் மாற்றினார். ஏர் ஃபில்டரையும் ஊதி மாட்டினார்.

ஏப்ரல் 10

மூன்று நாளாகப் பரவாயில்லை. சிக்னலில் லேசான நடுக்கம், அவ்வளவுதான். பிளக்தான் காரணம் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன்.

ஏப்ரல் 11

ரம்ஜான். பட்டறை பூட்டு. பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. வண்டியை எடுக்கவில்லை.

ஏப்ரல் 14

தமிழ்ப் புத்தாண்டுக்குத் தஞ்சாவூரில் மாமனார் வீடு. நேற்று மாலையே ஃபுல் டேங்க் போட்டு வைத்தேன். செங்கிப்பட்டி, வல்லம் எல்லாம் 80, 90-இல் தாண்டும்வரை குறையே இல்லை. தஞ்சாவூருக்குள் நுழைந்து நெரிசலில் ஊர்ந்ததும் ஆரம்பித்தது. பழைய பஸ் ஸ்டாண்டு அருகே இரண்டு முறை ஆஃப் ஆனது. பூ வாங்க நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் சுற்றுகிறது, சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை முழுக்க அமுக்கிக்கொண்டு செல்ஃப் அடித்தபோதுதான் இருமிக்கொண்டு எழுந்தது. "பெட்ரோல் வாடை அடிக்குதுங்க" என்றாள் மனைவி. எனக்குத் தெரியவில்லை, ஜலதோஷம்.

மாமனார் அந்தக் காலத்தில் அம்பாசிடர் ஓட்டியவர். சாப்பாடு முடிந்து கை கழுவும்போதே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "பம்புல ஆவி கட்டுது மாப்பிள்ளை. ஈரத்துணி போட்டுப் பாருங்க." அவர் காலத்துக்கு அது சரி. அப்போது பெட்ரோல் பம்பு எஞ்சின் மேலேயே இருக்கும், கார்புரேட்டருக்கு வரும் குழாயில் அழுத்தமும் மிகக் குறைவு. வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகும். பம்பால் ஆவியைத் தள்ள முடியாது. இப்போது பம்பு டேங்குக்குள் முங்கிக் கிடக்கிறது, குழாயிலும் சுமார் 3 பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் அவ்வளவு சுலபமாக ஆவியாகாது. மேலும் ஆவி கட்டினால் பெட்ரோல் பற்றாமல் போக வேண்டும். இங்கே பிளக் கறுக்கிற அளவுக்கு அதிகம் அல்லவா இருக்கிறது? இதையெல்லாம் பெரியவரிடம் வாதாடவில்லை. ஈரத்துணி வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 17

பாய்க்குத் துரோகம் செய்துவிட்டேன். ஏசி ஹால், காபி மெஷின் எல்லாம் வைத்த பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காலை ஒன்பதுக்கு விட்டு, மாலை ஆறுக்கு எடுத்தேன். ஸ்கேனரில் எந்தக் கோளாறும் பதிவாகவில்லையாம். எஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டில் பாடியைக் கழுவியிருக்கிறார்கள். "கூலன்ட் சென்சார் போயிருக்கலாம், மாத்திப் பாப்போமா சார்?" என்று கேட்டார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளக்கும் சாதனம் அது. 'பார்ப்போமா' என்பதன் விலை 1,900. வேண்டாமென்று, கழுவியதற்கு மட்டும் 1,450 கொடுத்தேன். பில்லில் எடுக்கும்போதும் விடும்போதும் இருந்த கிலோமீட்டரைப் போட்டிருந்தார்கள். வித்தியாசம் 1.

ஒரு கிலோமீட்டரில் இந்த வண்டிக்கு வியர்க்கவே வியர்க்காது.

ஏப்ரல் 19

தேர்தல். ஏழரைக்கே ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன், மீதி நாள் முழுக்க விடுமுறை. வண்டியின் கணினியைப் படிக்க வாங்கி, நேற்று வந்த ஓபிடி டாங்கிளை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகினேன். எழுநூறு ரூபாய்ப் பொருள், புளூடூத் வழியாக ஃபோனில் எண்களைக் காட்டுகிறது.

இரவு முழுக்க நின்ற வண்டி. கூலன்ட் 31 டிகிரி, உள்ளே இழுக்கும் காற்று 32 டிகிரி. ஆறிய வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், இருக்கிறது. ஸ்டார்ட் செய்து நிறுத்தியபடியே ஓடவிட்டுப் பார்த்தேன். 40, 50, 60 என்று எங்கும் குதிக்காமல் ஏறி 88-இல் நின்றது. சென்சார் பொய் சொல்கிறது என்றால் இடையில் எங்காவது தாவியிருக்கும், அல்லது 40-லேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் இன்னும் ஆறியிருப்பதாகக் கணினியை ஏமாற்றிப் பெட்ரோலைக் கூட்டச் சொல்லியிருக்கும். ஆக 1,900 மிச்சம்.

அடுத்து நான் பார்த்தது ஃபியூயல் டிரிம் என்கிற எண். எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். ஒரு பங்கு பெட்ரோல் சுத்தமாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார், எரிந்த புகையைப் பார்த்து 'கூடிவிட்டது', 'குறைந்துவிட்டது' என்று கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கணினி அதன்படி இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். அந்தத் திருத்தத்தின் சதவீதம்தான் டிரிம். ஐந்துக்குள் ஆடினால் ஆரோக்கியம். ஆறிய எஞ்சினில் கணினி இந்தச் சென்சாரைக் கேட்பதே இல்லை. மனப்பாடக் கணக்கில் தாராளமாகப் பெட்ரோல் ஊற்றும். சூடு ஏறிய பிறகுதான் சென்சாரின் பேச்சு எடுபடும்.

என் வண்டியில் கூலன்ட் 70-ஐத் தாண்டிய சிறிது நேரத்தில் டிரிம் கீழே இறங்கத் தொடங்கியது. கழித்தல் 6, 11, 15. கடைசியில் குறுகிய கால டிரிம்மும் நீண்ட கால டிரிம்மும் சேர்ந்து கழித்தல் 17. ஆக்ஸிஜன் சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே துள்ள வேண்டியது, 0.8 வோல்ட்டிலேயே சாய்ந்து கிடந்தது. கணினி பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போகிறது. ஆனாலும் கூடுதலாகவே இருக்கிறது. இன்ஜெக்டர் வழியாக வராத பெட்ரோல் வேறு எங்கிருந்தோ வருகிறது.

தேடியதில் ஒன்று கிடைத்தது. விளக்கு எரியாவிட்டாலும் பி0172 என்று ஒரு எண் காத்திருப்பில் இருந்தது. கலவையில் பெட்ரோல் அதிகம் என்பதற்கான குறியீடு. புதன்கிழமை அது தெரியாமல் போனதற்கு, வண்டி சூடே ஆகாதது காரணமாக இருக்கலாம்.

ஏப்ரல் 21

நேற்று மாலை, இன்று காலை இரண்டு ஓட்டத்திலும் டிரிம் கழித்தல் 10, 9. உதறலும் குறைவு. நான் எதையும் தொடவில்லை. தானாகவே குணமாகும் நோய் என்ன நோய்?

மதியம் பெட்ரோல் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 4, 3,000 ரூபாய். 6-ஆம் தேதி உதறல். 10-ஆம் தேதி பரவாயில்லை. நான் பிளக்குக்கு மாலை போட்ட நாள். ஏப்ரல் 13, மறுபடி 3,000. 14-ஆம் தேதி தஞ்சாவூரில் மானம் போனது. இன்று டேங்கில் கால்வாசிதான் இருக்கிறது, வண்டி சமர்த்தாக இருக்கிறது.

ரூபாய்ப் பத்தியை மேலிருந்து கீழே பார்த்தேன். 3,000. 2,500. 3,000. 3,000. ஒரு சில்லறை இல்லை. தினமும் மற்றவர்களின் வவுச்சரைப் பார்க்கிறவன் நான். எல்லாத் தொகையும் முழுசாக இருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்படுவேன். இது சந்தேகப்பட வேண்டியதும் இல்லை, என் கையால் நடந்தது. பங்க்கில் துப்பாக்கி 'டக்' என்று தானாக நின்றதும், "2,830 ஆயிருக்கு, ரவுண்டா 3,000 ஆக்கிடவா சார்?" என்பார் தம்பி. "ஆக்கிடு" என்பேன். பதினோரு வருஷமாக.

ஏப்ரல் 22

இரவு முழுக்கப் படித்தேன். டேங்குக்குள் பெட்ரோல் எப்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது வெளியே போனால் காற்று கெடும் என்பதால், கரித்துண்டுகள் அடைத்த ஒரு டப்பாவுக்குள் விடுகிறார்கள். கேனிஸ்டர் என்று பெயர். கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் சூடானதும், அந்த டப்பாவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில் இருக்கும் பர்ஜ் வால்வைக் கணினி திறக்கும். எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். ஆறிய எஞ்சினில் திறக்காது.

சூடு கெடுதல் செய்கிறது என்றே நான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். சூடு ஒரு கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

துப்பாக்கி நின்ற பிறகும் ஊற்றினால், ஆவிக்காக விட்டிருக்கும் இடத்தில் பெட்ரோலே ஏறி கேனிஸ்டருக்குப் போய்விடும். கரி ஊறும், நொறுங்கும், பொடி குழாய் வழியாக வால்வுக்கு வரும். வேகமாகப் போகும்போது எஞ்சின் இழுக்கும் காற்று ஏராளம், அதில் இந்த ஆவி கரைந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது காற்று கொஞ்சம், ஆவி அதே அளவு. செங்கிப்பட்டியில் ஓடியதும் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றதும் இப்போது கணக்கில் வந்துவிட்டன.

ஏப்ரல் 23

மாலை வேண்டுமென்றே ஃபுல் டேங்க், கடைசி முறையாக 3,000. துவாக்குடி பக்கம் போய்த் திரும்பி, எஞ்சினை நிறுத்தாமலே பட்டறை வாசலில் நின்று ஹாரன் அடித்தேன். டிரிம் கழித்தல் 26. வண்டி தையல் மெஷின் மாதிரி துடித்துக்கொண்டிருந்தது.

பாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அட, ஆமா!" ஸ்கேனர் கணக்கையெல்லாம் காட்டினேன், அவர் பார்க்கவில்லை. நான் சொன்ன குழாயைத் தேடினார். பர்ஜ் வால்விலிருந்து, எஞ்சினுக்குக் காற்று போகும் இன்லெட் மேனிஃபோல்டுக்கு வரும் விரல் தடிமன் ரப்பர் ஹோஸ். அதில் துணியைச் சுற்றி பிளையரால் நசுக்கினார்.

மூன்று நாலு நொடி. முள் 800-இல் ஏறி உட்கார்ந்தது. பிளையரை விட்டார், உதறல். நசுக்கினார், அமைதி. பையனையும் கூப்பிட்டு ஒரு தடவை நசுக்கச் சொன்னார். பிறகு சிரித்தார். "பதினாறு நாளா ஒரு பிளையர் பிடிக்க வழியில்லாம அலைஞ்சிருக்கோம் தம்பி."

எஞ்சினை நிறுத்தி வால்வைக் கழற்றினோம். கரண்ட் கொடுக்காதபோது அது மூடியிருக்க வேண்டும். பாய் ஊதினார், காற்று தாராளமாக மறுபக்கம் போனது. தட்டியதில் உள்ளிருந்து கறுப்புப் பொடி விழுந்தது. கணினி மூடச் சொல்லியும் மூட முடியாமல் கரித்துகள் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆறிய எஞ்சின் கூடுதல் பெட்ரோலைத் தாங்கிக்கொள்ளும் என்பதால்தான் காலையில் அது தெரியவில்லை. நிறுத்தி வைத்த வண்டியிலும் ஆவி மேனிஃபோல்டுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். பூக்கடை வாசலில் ஆக்ஸிலரேட்டரை அமுக்கினால்தான் எழுந்ததற்கு அதுதான் காரணம்: காற்று உள்ளே போக வழி கிடைத்தது. கேனிஸ்டரைக் கழற்றிச் சாய்த்தபோது பெட்ரோல் சொட்டியது. பாய் முதலில் செய்தது, பக்கத்து டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவரைத் தூரப் போகச் சொன்னதுதான்.

மனைவியிடம் வாடை விஷயத்தில் மன்னிப்புக் கேட்டாயிற்று.

ஏப்ரல் 27

சாமான் வந்தது. வால்வு 1,350, கேனிஸ்டர் 3,900, கூலி 400. வால்வை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். ஊறிய கரி மறுபடி பொடி அனுப்பும், புது வால்வும் அடைத்துக்கொள்ளும் என்றார் பாய். குழாயையும் ஊதி மாட்டினார். பழைய பிளக்குகளைத் திருப்பித் தரவா என்று கேட்டார். கிண்டல்.

மே 5

நேற்று கத்திரி தொடங்கிவிட்டது. மதியம் தஞ்சாவூர் போய் வந்தோம். ஏசி முழுக்க ஓடியது. பழைய பஸ் ஸ்டாண்டு அருகே பதினைந்து நிமிடம் ஊர்ந்தும் டிரிம் கழித்தல் 2-க்கும் கூட்டல் 3-க்கும் நடுவே. ஈரத்துணி வேலை செய்ததா என்று மாமனார் கேட்டார். செய்தது என்றேன்.

திரும்பும் வழியில் பெட்ரோல். துப்பாக்கி நின்றது.

"2,764 ஆயிருக்கு. ரவுண்டா..."

"வேண்டாம் தம்பி."

ஜிபே-யில் 2,764. மீட்டரில் 95,208. எழுதியாயிற்று.