மாப்பிள்ளைக்கு வெள்ளைப் புள்ளி

மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வீடு. வருசம் பிறந்து நாலைந்து நாள், மழை விட்டும் விடாத நேரம். கூடத்துத் தொட்டியில் தனியாக வளர்கிற கோல்ட் பிஷ்ஷின் செவுள் மூடியில் வெள்ளை வெள்ளையாக என்னவோ இருப்பதை முதலில் கண்டவன் வீட்டுச் சின்னவன்.

"அம்மம்மா, மீனுக்கு அம்மாள் போட்டிரிக்கி!"

அம்மம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தா. அம்மாளேதான் என்று உறுதியும் சொன்னா. கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குள் ஒரு பிடி வேப்பிலை மிதந்தது, ஒரு கரண்டி மஞ்சள் தூள் கரைந்தது. அம்மாள் வந்த வீட்டில் மச்சம் புழங்கக் கூடாதாம். ஆகவே அன்றைய சூரைக் கறியும் நின்றுபோனது. மீனுக்கு வருத்தம், அதனால் மீன் கறி இல்லை. இந்த நியாயத்தை அந்த வீட்டில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

மஞ்சள் தூள் மீனுக்கு ஒன்றும் செய்யாது. தண்ணீரைக் கலக்கி, கண்ணாடி ஒட்டிய சிலிக்கனில் கறையை விட்டுவிட்டுப் போகும். வேப்பிலை அழுகத் தொடங்கினால் தண்ணீரிலுள்ள ஒட்சிசனைத் தின்னும். இதோடு விட்டிருந்தால் மீனுக்குப் பெரிய சேதம் இல்லை. பின்னேரம் பெரியப்பா வந்தார்.

பெரியப்பாவுக்கு இலை மருந்தில் நம்பிக்கை இல்லை. சந்தியில் போய் நீல மருந்துப் போத்தல் ஒன்று வாங்கி வந்தார். மெதிலீன் புளூ, வெள்ளைப் புள்ளி நோய்க்கு விடுகிறது. அளவு போத்தலிலேயே போட்டிருக்கிறது, ஆனால் "ரெண்டு மடங்கு விட்டா அரைவாசி நாளில சுகம் வரும்" என்பது அவருடைய கணக்கு. போதாததற்கு, வீட்டில் யாருக்கோ காய்ச்சலுக்குக் கொடுத்து மிஞ்சிய டெட்ராசைக்கிளின் கப்சூல் இரண்டையும் உடைத்துக் கொட்டினார். பிறகு பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, கடையில் வாங்கிய நாள் நிறத்துக்குக் கொண்டுவந்தார். கடைசியாக, தண்ணீர் கொஞ்சம் கூடிப்போச்சு என்று பழைய சேலைன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். வெற்றிலைக்குச் சிவந்த வாய் அன்றிரவு முழுக்க நீலமாக இருந்தது. (மருந்து விட்ட தண்ணீரை வாயால் உறிஞ்சாதீர்கள். குழாய் முழுவதையும் தொட்டிக்குள் அமுக்கி, ஒரு நுனியை விரலால் அடைத்து வெளியே எடுத்து வாளிக்குள் விட்டால் தானாக இறங்கும்.)

மூன்றாம் நாள் காலை மீன் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. "பாடுது மனே" என்றா அம்மம்மா. மீன் பாடும் ஊரென்று பேரெடுத்த மட்டக்களப்பில் மீன் வாயைத் திறந்தால் வேறு என்ன நினைப்பது?

அது பாட்டில்லை, மூச்சு. பக்கத்து வளவில் சீமெந்துத் தொட்டிகளில் கப்பி வளர்த்து விற்கிற தம்பியைக் கூப்பிட்டார்கள். அவன் மீனைப் பார்க்க முதல் பஞ்சைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "இவ்வளவு வடிவா யார் கழுவின?" என்று கேட்டான். பெரியப்பா பெருமையோடு கை தூக்கினார்.

விசயம் இதுதான். மீனின் கழிவிலிருந்தும், அதைவிடக் கூடுதலாகச் செவுள் வழியாகவும் அமோனியா தண்ணீருக்குள் வருகிறது. பஞ்சில் குடியிருக்கிற பக்டீரியாக்கள் அதை நைத்திரைற்றாக்கி, பிறகு அவ்வளவு நஞ்சில்லாத நைத்திரேற்றாக்கும். அந்தக் குடி சரியாக அமைய நாலு தொடக்கம் ஆறு கிழமை வேண்டும். அழிக்க ஒரு பின்னேரம் போதும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வரும்போது குளோரினோடுதான் வரும். கிருமியைக் கொல்லத்தானே அதைப் போடுகிறார்கள், பஞ்சிலிருப்பது நல்ல கிருமியா கெட்ட கிருமியா என்று குளோரின் விசாரிக்காது. தப்பியதை இரட்டை அளவு நீல மருந்து பார்த்துக்கொண்டது. டெட்ராசைக்கிளின்? கடினத் தண்ணீரிலுள்ள கல்சியத்தோடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் வீணாகியிருக்கும். வீணாகாமல் வேலை செய்திருந்தாலும் வெள்ளைப் புள்ளி நோய்க்கு அது மருந்தே இல்லை. அந்த நோயைத் தருவது பக்டீரியா அல்ல, புரோட்டோசோவா என்கிற ஒற்றைக்கல ஒட்டுண்ணி ஒன்று.

சோதனை மருந்து விட்டுப் பார்த்தால் அமோனியா லீற்றருக்கு 2 மில்லிகிராம். இருக்க வேண்டியது பூச்சியம். பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) வேறு 8. அதே அளவு அமோனியா, பி.எச். 7 இல் இருப்பதைவிட 8 இல் ஏறத்தாழ பத்து மடங்கு நஞ்சு.

தம்பி செய்தது மூன்றே வேலை. பாதித் தண்ணீரை மாற்றினான், மறுநாளும் பாதி. மாற்றிய தண்ணீருக்கு 100 லீற்றருக்கு 1 கிராம் என்று சோடியம் தயோசல்பேற் போட்டான்; 1 மில்லிகிராம் குளோரினை முறிக்க 7 மில்லிகிராம் போதும், ஆகவே இது தாராளம். (கிணற்றுத் தண்ணீரென்றால் குளோரின் பிரச்சினை இல்லை, ஆனால் அப்போதுதான் அள்ளிய தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. ஒரு இரவு குமிழ் விடுகிற காற்றுக் கல் போட்டு வைத்துத்தான் விட வேண்டும்.) பிறகு தன்னுடைய தொட்டியில் மாதக்கணக்காக ஓடிய அழுக்குப் பஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து பில்டரில் வைத்தான். அம்மம்மா அந்தப் பஞ்சைப் பார்த்து முகம் சுழித்தா. மூன்றாவது வேலைதான் வீட்டில் கலவரத்தைக் கிளப்பியது: மூன்று நாளைக்கு மீனுக்குச் சாப்பாடு இல்லை. வருத்தக்கார உயிரைப் பட்டினி போடுவதா! சாப்பிட்டால் கழிவு, கழிவென்றால் அமோனியா. வளர்ந்த கோல்ட் பிஷ் ஒரு கிழமை தின்னாமல் சும்மா இருக்கும் என்று அவன் எவ்வளவோ சொல்லியும், தீன் டப்பாவைக் கையோடு கொண்டுபோன பிறகுதான் அவனுக்கே நிம்மதி.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அவன் ரோர்ச் அடித்து, எல்லாருடைய வயிற்றையும் கலக்கிய அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்தான். பார்த்ததும் சிரித்தான்.

"மாமி, இது வருத்தமில்ல. ஆள் மாப்பிள்ளையாகிட்டார்."

ஆண் கோல்ட் பிஷ்ஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும், மார்புத் துடுப்பின் முன் ஓரத்திலும் சின்னச் சின்ன வெள்ளை முனைகள் வரும். ஒரே அளவு, வரிசையாக, இரண்டு பக்கமும் ஒத்தபடி. வாலுக்குப் பரவாது, நாளுக்கு நாள் இடம் மாறாது, மீன் உற்சாகமாகத் திரியும். மழைக்குத் தண்ணீர் குளிர்ந்து திரும்பச் சூடேறும்போது இது வருவது சாதாரணம். உண்மையான வெள்ளைப் புள்ளி நோய் உடம்பெங்கும் உப்புக்கல் தூவியது போல ஒழுங்கில்லாமல், முக்கியமாக வாலிலும் துடுப்பிலும் வரும். மீன் துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும், கல்லில் உடம்பை உரசும்.

"அப்ப அம்மாளில்லையா?" என்று அம்மம்மா கேட்டா. சூரைக் கறி அன்றே திரும்பியது.

மாப்பிள்ளை என்றான பிறகு சும்மா இருக்க முடியுமா? பொங்கலுக்கு இரண்டு நாள் முதல், பெரியப்பா பெண் மீனொன்று வாங்கி வந்தார். 80 லீற்றர் தொட்டிக்கு இரண்டு கோல்ட் பிஷ் என்பதே நெருக்கம்தான், அதை விடுவோம். தம்பி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னான்: "உடனே உள்ள விடாதீங்க அண்ணே. 21 நாளைக்காவது வேற பேசின்ல, வேற பில்டரோட வைங்க."

"புதுப் பொம்புளைய வாசல்ல நிப்பாட்டுறதா?" இது அம்மம்மா.

"நம்மட ஊர் வழக்கத்தில பொம்புளைக்கு வீடு குடுக்கிறதுதானே மாமி. இதுக்கும் ஒரு வீடு குடுங்க."

அந்த வாதம் எடுபட்டது. பெரிய பேசினில் பொம்புளை குடியேறினா. இரண்டே நாள். பொங்கலன்று காலை அரிசி கழுவ அந்தப் பேசின் தேவைப்பட்டது; பொம்புளை பேசின் தண்ணீரோடு மாப்பிள்ளை தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தா.

நாலாம் நாள் அவவின் வாலில் மூன்று வெள்ளைப் புள்ளி. இந்த முறை யாரும் பயப்படவில்லை, அதுதான் வில்லங்கம். "கலியாணப் புள்ளி" என்று வீடே சிரித்தது. பெண் மீனுக்கு, அதுவும் வாலில், கலியாணப் புள்ளி வராது என்று யோசிக்க ஒருவருமில்லை. மறுநாள் மூன்று முப்பதானது. மாப்பிள்ளையும் கல்லில் விலாவை உரசத் தொடங்கினார்.

இந்த ஒட்டுண்ணியின் போக்கு தெரியாவிட்டால் மருந்துக்கு விட்ட காசு தண்ணீரோடுதான். நாம் காண்கிற புள்ளி மீனின் தோலுக்கடியில் இருக்கிறது. அங்கே உப்போ மருந்தோ எட்டாது. தின்று பருத்ததும் அது மீனை விட்டு விழுந்து, கல்லில் ஒட்டிக் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் சாகும். நீந்தித் திரிகிற அந்த நேரத்தில் மட்டும்தான் அவற்றை நாம் கொல்லலாம். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்கள் பத்து நாளில் திரும்ப வந்து கடைக்காரரைத் திட்டுவது இதனால்தான்.

முதலில் தண்ணீரின் அளவு. நீளம் 90, அகலம் 30, தண்ணீர் உயரம் 35 சென்ரிமீற்றர். பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் 94.5. கல்லுக்குக் கழித்து 80 லீற்றர். லீற்றருக்கு 3 கிராம் வீதம் 240 கிராம் கல்லுப்பு. அதை மூன்றாகப் பிரித்து, 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 80 கிராம் வீதம், வாளியில் கரைத்து விட்டார்கள். கல்லாக அப்படியே போட்டால் அதற்குமேல் படுக்கிற மீனின் தோல் எரியும். தாவரமோ, கொறிடோராஸ் என்கிற சின்னக் கெளிறு மீனோ உள்ள தொட்டிக்கு இந்த அளவு கூடாது.

ஹீற்றரைச் சில மணித்தியாலத்துக்கு ஒரு பாகை என்று 30 வரை ஏற்றினார்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் காலம் சுருங்கும், பெருக்கமும் தளரும். ஆனால் 25 பாகையில் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையக்கூடிய ஒட்சிசன், 30 இல் 7.5 ஆகிவிடும், ஆகவே காற்றுக் கல் இரண்டாக வேண்டும். சூடேற்ற முதல் வாயையும் பாருங்கள். வாயைச் சுற்றிப் பஞ்சு போல, முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளிறல் இருந்தால் அது கொலம்னாரிஸ் என்ற பக்டீரியா நோய். அதற்குச் சூடேற்றினால் மீன் சாக இன்னும் வேகமாக வழி செய்து கொடுக்கிறீர்கள்.

ஒன்றுவிட்ட ஒருநாள் அடிக்கல்லைக் குழாயால் உறிஞ்சி 20 லீற்றர் எடுப்பார்கள். கூடுகளில் ஒரு பங்கு அதோடு போகும். புதிதாக விடுகிற 20 லீற்றருக்கு மட்டும் 60 கிராம் உப்பு. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு உப்புச் சேர்க்கக் கூடாது, உப்பு ஆவியாவதில்லை. பெரியப்பா ஒருநாள் 240 கிராமையும் திரும்ப நிறுக்கத் தொடங்கினார். சின்னவன் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அஞ்சாம் நாளே புள்ளி போய்விட்டது. "சுகம்தானே, மறுகா என்னத்துக்கு?" என்று அம்மம்மா ஹீற்றர் பிளக்கில் கை வைக்க, மின்சாரக் கட்டணத்தைப் பற்றி ஒரு மாநாடு நடந்தது. கடைசிப் புள்ளி மறைந்து பத்து நாள் வரை ஓட்டுவது என்று தம்பி ஒருமாதிரி ஒப்பந்தம் செய்துகொடுத்தான். பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றியே இறக்கினார்கள். சூடும் 26க்கு வந்தது.

அந்தச் சூடு இறங்கிய கையோடு ஒரு விடியற்காலை மாப்பிள்ளை பொம்புளையைத் தொட்டியெங்கும் துரத்தினார். தொட்டியில் தொங்கவிட்ட நைலோன் கயிற்றுக் குஞ்சம் முழுக்க முட்டை. கோல்ட் பிஷ் தன் முட்டையைத் தானே தின்னும், ஆகவே குஞ்சத்தை உடனே வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். அம்மம்மா இந்த முறை பேசினைத் தானே தூக்கி வந்து தந்தா. 20 லீற்றர் தண்ணீர், மெல்லக் குமிழ் விடுகிற ஒரு காற்றுக் கல். முட்டையில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க நீல மருந்து வேண்டும். அந்தப் போத்தலுக்கு ஏற்ற வேலை இதுதான், பஞ்சுப் பில்டர் இங்கே இல்லாததால் கெடுவதற்கும் எதுவுமில்லை. 1 வீத கரைசல் என்றால் 10 லீற்றருக்கு 2 மில்லி. வெள்ளையாகிப்போன முட்டைகளை அன்றாடம் பொறுக்கி எறிந்தால், 26 பாகையில் மூன்று நாளளவில் பொரிக்கும். பொரித்த குஞ்சு நீந்தத் தொடங்கும்வரை தீன் வேண்டாம், வயிற்றோடு ஒட்டியிருக்கிற மஞ்சள் கருவே அதற்குப் போதும்.

பெரியப்பா போத்தலின் மூடியைத் திறந்தார். சின்னவன் ஊசியில்லாத சிரிஞ்சோடு பக்கத்தில் நின்றான்.

"4 மில்லி, பெரியப்பா."

"எட்டு விட்டா ஒண்டரை நாளில பொரிக்காதா?"