பூனை உள்ள வீட்டில் ஆர்க்கிட்: ஏழு மாதக் குறிப்புகள்

ஆர்க்கிட் வாங்குவதற்கு முன் நான் நெடுநாள் தயங்கியதற்குக் காரணம் லில்லி. லில்லியின் இலையோ மகரந்தமோ, பூ வைத்த சாடியின் நீரோ சிறிதளவு உட்சென்றாலும் பூனையின் சிறுநீரகம் சில நாட்களில் செயலிழக்கக்கூடும். ஆர்க்கிட் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. கடைகளில் அதிகம் கிடைக்கும் ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையைப் பூனைக்கு நச்சற்ற செடியாகவே அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கம் பட்டியலிட்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகே துணிந்து ஒரு செடியை வாங்கி ஜன்னலோரம் வைத்தேன்.

நான்காம் நாள் காலையில், அடியிலையின் ஓரத்தில் ஊசியால் குத்தியதுபோல் இரண்டு வரிசைத் துளைகள் தெரிந்தன. அன்று முழுவதும் பூனையைக் கவனித்தேன். ஒருமுறை மென்ற இலைத்துணுக்கோடு வாந்தி எடுத்ததைத் தவிர, வழக்கம்போல் சாப்பிட்டு உறங்கியது. நச்சற்ற இலையும் அதிகமாகத் தின்றால் வயிற்றைப் புரட்டும் என்பதால் இதில் வியப்பில்லை. வாந்தி தொடர்ந்திருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோயிருப்பேன். துளைகளின் விளிம்பு ஒரு வாரத்தில் பழுப்பாகிக் காய்ந்தது, இலை உதிரவில்லை.

செடியைவிட நாம் செடிக்குச் சேர்ப்பவற்றில்தான் ஆபத்து இருக்கிறது என்பது இரண்டாம் மாதத்தில் புரிந்தது. நீரில் கரைத்த உரத்தைக் கால் பங்கு வீரியத்தில் ஊற்றியிருந்தேன். தொட்டியின் அடித்தட்டில் வடிந்து நின்ற அந்த நீரைப் பூனை நக்கிக் குடிப்பதைக் கண்டபோது பதறிப்போனேன். அன்றிலிருந்து தட்டே வைப்பதில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டியைப் பத்து நிமிடம் நீரில் அமிழ்த்தி, கடைசிச் சொட்டும் வடிந்த பிறகே இடத்தில் வைக்கிறேன்.

பிறகு இலைக்கணுவில் மாவுப்பூச்சி வந்தது. ஊடுருவிப் பாயும் பூச்சிமருந்து இலைச்சாற்றிலேயே தங்குவதால், கடிக்கும் பூனையின் வாய்க்கும் அது போகும். ஆகவே மருந்தைத் தவிர்த்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு கணுவையும் வாரம் ஒருமுறை துடைத்தேன். அது உலரும்வரை பூனையை அந்த அறைக்குள் விடவில்லை. நான்கு வாரத்தில் பூச்சி ஒழிந்தது. பூனையை விரட்ட அந்துருண்டையும் ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் சிலர் பயன்படுத்துகிறார்கள். இரண்டுமே பூனைக்கு நஞ்சு. நான் பக்கத்தில் ஒரு தொட்டியில் கோதுமை விதைத்தேன். முளைத்த புல் விரல் நீளம் வளர்ந்ததும் பூனை அதைக் கடிக்கத் தொடங்கியது. ஆர்க்கிட் இலையில் புதிய துளை விழவில்லை.

ஐந்தாம் மாதம் பூந்தண்டு எழுந்தது. தாங்குகுச்சியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கிளிப் பல் பதிந்து தரையில் கிடந்ததால் அதை அகற்றினேன். நூலால் கட்டலாம் என்ற எண்ணத்தையும் கைவிட்டேன், ஏனெனில் விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி இழுத்து அறுத்துவிடக்கூடும். எதிலும் கட்டாமல் விட்டபோது தண்டு தானாகவே வில்லாக வளைந்தது. அதுவே அழகாகவும் இருக்கிறது.

இன்று ஒன்பது மொட்டுகளில் ஆறு விரிந்துள்ளன. அடுத்து டென்ட்ரோபியம் என்ற இன்னொரு ஆர்க்கிட் வகையை வைக்க நினைக்கிறேன். அதுவும் நச்சற்றதே, ஆனால் உயரமாக வளர்ந்து எளிதில் சாயும் என்பதால், முதலில் கனமான மண்தொட்டி ஒன்றைத் தேட வேண்டும்.